மெஷின் வாங்கும் முன் இரும்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிஞ்சுக்குவோம்



மாவு, மசாலா அரைக்க பல்வரைசர் வாங்கலாம், சின்னதாக ஷெட் போடலாம் என்று நம் குழுக்களில் பேச்சு வரும்போது, முதலில் விலையையும் மாதத் தவணையையும்தான் கேட்கிறோம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் கொட்டேஷனில் "இரும்பு பாடி" என்று ஒரே வரி இருந்தால் அப்படியே தீர்மானம் போட்டு விடுகிறோமே, அது எந்த இரும்பு? எவ்வளவு கனம்? எப்படி ஒட்டியிருக்கிறார்கள்? கடன் அடைக்கும் முன்பே மெஷின் துருவேறிப் போனால், மீதித் தவணையை நாம்தானே கட்டணும்!

நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம். மீஞ்சூருக்குக் கிழக்கே கடல். 1960களின் கடைசியில் இருந்து சென்னைக்காக இந்தப் பக்கம் கிணறுகளில் தண்ணீர் உறிஞ்சியதில், நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. பக்கத்தில் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் தொடங்கியதும் நமக்குத் தெரியும். இரும்பு துருப்பிடிக்க காற்றும் தண்ணீரும் போதும். அந்தத் தண்ணீரில் உப்பும் சேர்ந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

இரும்பில் பல ஜாதி உண்டு. நம்ம வீட்டு தோசைக்கல்லையே எடுத்துக்குங்க. வார்ப்புக் கல் கை தவறி விழுந்தால் பொளக்கென்று விரிசல் விடும். தகட்டில் செய்த கல் வளையும், உடையாது. வார்ப்பிரும்பில் கரிச்சத்து நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கும், அதனால் உடையும். மைல்டு ஸ்டீல், அதாவது எம்.எஸ்., என்பதில் கால் பங்குக்கு உள்ளேதான். அதனால் வளையும், வெல்டிங்கும் நன்றாகப் பிடிக்கும். மெஷினின் புல்லி, பேரிங் வீடு எல்லாம் பெரும்பாலும் வார்ப்புதான். அதில் விரிசல் விட்டால் சாதாரண பட்டறை வெல்டிங் நிற்பது கஷ்டம், பாகத்தை மாற்றுவதே நல்லது. வண்டியில் இறக்கும்போதே விரிசல் இருக்கா என்று தடவிப் பாருங்க.

உணவு படும் இடத்துக்கு எஸ்.எஸ். கேட்போம். இங்கேதான் ஒரு தவறான நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கு: காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். என்று. 304 என்ற ரகத்திலும் காந்தம் ஒட்டாது, விலை குறைந்த 202 ரகத்திலும் ஒட்டாது. 304-ல் நூற்றுக்கு சுமார் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்க்கிறார்கள், உப்புக்கு அது அவ்வளவு தாங்காது. எனவே "எஸ்.எஸ். 304" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லணும். 304 ஆனாலும் உப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே விட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். கழுவியதும் நல்ல தண்ணீர் ஊற்றி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

கனம் விஷயத்தில் ஏமாறுவது சுலபம். கேஜ் எண் கூடக் கூட தகடு மெல்லிசு! 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ., 20 கேஜ் 0.9 மி.மீ.தான். "20 போட்டுத் தர்றேன்கா" என்றால் சந்தோஷப்பட வேண்டாம். எடை வைத்தும் கண்டுபிடிக்கலாம். எட்டடிக்கு நாலடி இரும்புத் தகடு, 1 மி.மீ. கனத்தில் சுமார் 23 கிலோ. 3 மி.மீ. என்று பில் போட்ட தகடு 70 கிலோ வரணும். 47 கிலோ இருந்தால் அது 2 மி.மீ. கம்பிக்கும் கணக்கு உண்டு: மி.மீ. விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க, 0.89 கிலோ. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கி உருட்டும் கம்பியானாலும் வெளியூர்க் கம்பியானாலும் இதே கணக்குதான். கணக்குப் புத்தகம் எழுதும் நமக்கு இது பெரிய வித்தையா என்ன?

வெல்டிங்கில் கவனிக்க வேண்டியது, பெயிண்ட் அடிக்கும் முன்பே போய்ப் பார்ப்பது. ராடின் மேல்பூச்சு எரிந்து கசடாகப் படியும். அதைத் தட்டி எடுத்தால்தான் ஓட்டை தெரியும். சிலர் நாலு இடத்தில் புள்ளி மட்டும் வைத்து, மேலே பெயிண்ட் பூசிவிடுவார்கள். மெஷின் அதிரும்போது அந்த இடம்தான் முதலில் விடும். எஸ்.எஸ். பாகத்தை எஸ்.எஸ். ராடில்தான் பற்றவைக்க வேண்டும், சாதா ராடு போட்டால் இணைப்பு துருவேறும். ஷெட்டுக்கு துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் நல்லதுதான், ஆனால் பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்து போகும். அங்கே ஜிங்க் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்க. வெல்டிங் வெளிச்சத்தை மட்டும் வெறுங்கண்ணால் பார்க்காதீங்க, பிள்ளைகளையும் கிட்டே விடாதீங்க.

ஓடும் பாகங்களில் பேரிங்கின் மேல் 6205 போன்ற எண் இருக்கும். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள் ஓட்டை 25 மி.மீ. என்று தெரியும். அந்த எண்ணையும், பெல்ட் மேல் உள்ள எண்ணையும் (B 52 போல) குழு நோட்டில் எழுதி வைத்தால், மாற்றும்போது கடைக்காரரிடம் நாமே சொல்லி வாங்கலாம்.

பெல்ட் ஓடும் பக்கம் முழுசாக மூடும் கார்டு இல்லாத மெஷினை வாங்கவே வேண்டாம். சேலை முந்தானை, பின்னல், துப்பட்டா எது சிக்கினாலும் இழுத்துவிடும், சுவிட்சை அணைக்க நேரம் கிடைக்காது. கார்டுக்குத் தனி விலை சொன்னாலும் கொட்டேஷனில் சேர்க்கச் சொல்லுங்க. அரைக்கும் முறை வரும் உறுப்பினர் முந்தானையை இறுக்கிச் செருகி, கொண்டை போட்டுத்தான் மெஷின் பக்கம் போகணும் என்று தீர்மானப் புத்தகத்திலும் எழுதிவிடலாம்.