ஏரி இருந்த இடத்தில் ஒரு நகரம்

உங்கள் விருப்பப்படி ஒரு நகரத்தை வரையச் சொன்னால் எப்படி வரைவீர்கள்? நடுவே பூங்கா, அதிலிருந்து பல திசைகளிலும் பிரியும் சாலைகள், கடைவீதி, குழாய்கள்... அவ்வாறு 1920-களில் தாளில் வரைந்து கட்டிய பகுதிதான் சென்னையின் தியாகராய நகர். நடுவில் இருப்பது பனகல் பூங்கா.

ஆனால் அது வெற்றுத் தாள் அன்று. அங்கே ‘லாங் டாங்க்’ என்னும் நீண்ட ஏரி பரந்து கிடந்தது. அதை வற்றச் செய்து மனைகளாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் உண்டு, ஏரியைத்தான் காணோம்!

ஏரி என்பது தாழ்ந்த நிலம். கரையை அகற்றினாலும் பள்ளம் மறைந்துவிடாது. ஒரு கணக்குப் போடுவோம். 10 செ.மீ. மழை பெய்தால் ஒரு சதுர கிலோமீட்டரில் விழும் நீர் 10 கோடி லிட்டர். மண்ணாயின் ஒரு பகுதியை உறிஞ்சும். தாரும் சிமெண்டும் உறிஞ்சா. எனவே நீர் மாம்பலம் கால்வாய் வழியே அடையாற்றுக்கு ஓடவேண்டும். ஓடுவதற்கு வாட்டம் தேவை. ஆற்றில் வெள்ளம் ஏறினால் அந்த வாட்டம் குறைந்து, நீர் தேங்குகிறது. 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்கள் நீரில் நின்றன.

உங்கள் தெருவின் வாட்டத்தை நீங்களே அறியலாம். ஒளி புகும் நீண்ட பிளாஸ்டிக் குழாயில், காற்றுக் குமிழி இல்லாமல் நீர் நிரப்புங்கள். கொத்தனார் செய்வதுபோல் இரு முனைகளையும் இரண்டு இடங்களில் நிமிர்த்திப் பிடியுங்கள். தரையிலிருந்து நீர்மட்டம் எங்கே அதிக உயரமோ, அங்கே நிலம் தாழ்வு.