பாய்மரப் படகின் உட்புறத்திற்கு முதற்பூச்சும் வர்ணமும்

படகை வைத்து ஜீவனம் நடத்துவோர் அதன் வெளிப்புறத்தைப் பற்றியே பெரிதும் கவலையுறுகின்றனர். பாசியும் கொட்டலசும் பற்றுவதும், கரையில் நிற்போர் கண்ணுக்குத் தெரிவதும் வெளிப்புறமே ஆகையால் அஃது இயற்கைதான். ஆயினும் பழுதுற்ற மரப்படகு ஒன்றை ஓடாவி பிரித்துப் பார்க்கும்போது, பலகை வெளியே உறுதியாயிருக்க, உள்ளே வங்குகள், அதாவது விலா மரங்கள், விரலால் அழுத்தினாலே பொடியாகும் நிலையில் இருப்பதுண்டு. சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய படகு, தவணைகள் தீருமுன் இவ்வாறு உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகுமாயின் வாங்கியவருக்கும் நஷ்டம், ஜாமீன் நின்றவருக்கும் நஷ்டம். உட்புறத்துக்குரிய முதற்பூச்சையும் வர்ணத்தையும் தெரிந்தெடுக்கும் முறையை அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டுவது இதன் பொருட்டே.

மரம் இற்றுப்போவதற்குக் காரணம் ஒருவகைக் காளான். அது வளர்வதற்கு ஈரமும், ஓரளவு காற்றும், வெதுவெதுப்பும் தேவை. இம்மூன்றில் நம் கடற்கரையில் மனிதனால் தடுக்கக்கூடியது ஈரம் ஒன்றுதான். உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஈரம் இருக்கும் வரையில் இக்காளான் வேலை செய்யாது. அந்த எல்லைக்கு மேல் ஈரம் நெடுநாள் நின்றால் எந்த வர்ணமும் அதைத் தடுத்து நிறுத்தாது. இதில் மற்றொரு விசேஷம் உண்டு. கடல்நீரைக் காட்டிலும் மழைநீரே மரத்துக்குப் பெரும் பகை. உப்பு மிகுந்த மரத்தில் காளான் எளிதில் வளர்வதில்லை. மேலைநாட்டுக் கப்பல் கட்டுவோர் சிலர் வங்குகளின் இடைவெளிகளில் உப்பைக் கொட்டி நிரப்பி வைத்ததும் இது பற்றியே. ஆகவே மேல்தட்டின் சந்துகள் வழியாகக் கசிந்து, அணியத்தின் மூலையில் தேங்கி, காற்றுப் புகாமல் நிற்கும் மழைநீர் எங்கே உண்டோ, அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

காற்றோட்டமின்மை செய்யும் தீங்கிற்கு ஒரு பெரிய திருஷ்டாந்தம் உண்டு. 1810-இல் இங்கிலாந்தில் டெப்ட்போர்டு துறையில் கட்டி மிதக்கவிடப்பட்ட 'குயின் ஷார்லட்' என்ற போர்க்கப்பல், கடற்சேவைக்குப் புறப்படுமுன்னரே உட்புற மரங்கள் இற்றுப்போகக் கண்டு பெருஞ்செலவில் புதுப்பிக்கப்பட்டது. நன்கு உலராத மரத்தால் கட்டி, காற்றுப் புகாமல் மூடி வைத்ததன் பலன் அது. பம்பாயில் தேக்கினால் கட்டப்பட்டு 1817-இல் மிதக்கவிடப்பட்ட 'டிரிங்கோமாலி' என்ற கப்பலோ இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் காட்சிப் பொருளாய் மிதந்து கொண்டிருக்கிறது. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய அக்கப்பலின் ஆயுளுக்குத் தேக்கின் குணம் பெரிதும் துணை செய்தது. ஆனால் எல்லாப் படகும் தேக்கால் ஆவதில்லை. விலை குறைந்த மரம் கொண்டு படகு கட்டுவோர்க்கே பூச்சு விஷயத்தில் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

ஆகையால் வர்ணக்கடைக்குச் செல்லுமுன் மரத்தின் ஈரத்தை அறிந்துகொள்ளல் முதற்காரியம். ஈரம் காட்டும் கருவி சங்கத்தில் இருப்பின் நலம். இல்லையேல் ஒரு சுலப வழி உண்டு. மறைவான ஓரிடத்தில் உளியால் ஒரு சிறு துண்டு எடுத்து, உடனே பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, தட்டார் தராசில் நிறுக்க வேண்டும். பின்பு அடுப்பின் சூட்டில் கருகாமல் உலர்த்தி, எடை மேலும் குறையாத நிலை வந்ததும் மறுபடி நிறுக்க வேண்டும். முதல் எடை 23 கிராம், உலர்ந்த எடை 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், போன ஈரம் 3 கிராம். அதை 20-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க, நூற்றுக்கு 15 என வரும். இவ்வளவில் பூசலாம். 18-க்கு மேல் வருமாயின், இன்னுஞ் சில நாட்கள் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் படகை உலரவிடுவதே உத்தமம். ஈரமரத்தின் உள்ளும் புறமும் கெட்டியான பூச்சுப் போடுவது, ஈரத்தைச் சிறையிட்டு வளர்ப்பதாகும்.

இனி முதற்பூச்சு. பிரைமர் என்று கடைகளில் வழங்கும் இதனைப் பலர் வீண்செலவென்று எண்ணி, மேல்வர்ணத்தையே இருமுறை அடித்துவிடுகின்றனர். இது தவறு. வெறும் மரத்தில் மேல்வர்ணத்தைப் பூசினால், மரம் அதிலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொள்ள, சாயப்பொடி மட்டும் மேலே நின்று சில மாதங்களில் செதிளாய் உதிரும். முதற்பூச்சு மரத்தின் துவாரங்களில் இறங்கிப் பிடித்து, மேல்வர்ணத்துக்குப் பிடிமானம் தருகிறது. பணம் குறைவாயிருப்பவர், மேல்வர்ணத்தில் மலிவானதை வாங்கினாலும் முதற்பூச்சில் சிக்கனம் பாராட்டலாகாது.

எவ்வகை முதற்பூச்சு என்பது படகு கட்டிய முறையைப் பொறுத்தது. பலகையோடு பலகை சேர்த்துக் கலப்பற்றுச் செய்த படகில், மரம் நனையும்போது பருத்தும், காயும்போது சுருங்கியும் ஓயாமல் அசைகிறது. அதன்மேல் எபாக்சி போன்ற கடினமான இருபாகக் கலவையைப் பூசினால் சந்துகள்தோறும் வெடிப்பு ஏற்படும். வெடிப்பு வழியே புகுந்த நீர் பூச்சின் அடியில் பரவி, வெளியேற வழியின்றி நிற்கும். இத்தகைய படகுக்கு எண்ணெய் அல்லது அல்கிட் பிசின் சேர்ந்த, சிறிது வளைந்து கொடுக்கும் மரப் பிரைமரே ஏற்றது. முதல் தடவை பூசும்போது டப்பாவில் கண்ட தின்னரைப் பத்தில் ஒரு பங்கு வரையில் சேர்த்தால் மரத்தினுள் நன்கு இறங்கும்.

ஒட்டுப்பலகையால் ஆன படகின் கதை வேறு. அது நீளத்திலும் அகலத்திலும் மிகக் குறைவாகவே அசைவதால் எபாக்சிப் பூச்சு அதனோடு நன்கு பொருந்தும். எல்லாப் பக்கமும் இடைவெளியின்றி மூடுவது முக்கியம். பலகையின் வெட்டுவாய்கள் நீரைக் குழாய்போல் உறிஞ்சுமாதலால், பரப்புக்கு இரண்டு பூச்சானால் வெட்டுவாய்க்கு மூன்று வேண்டும். ஈரக்காற்றில் எபாக்சி இறுகும்போது அதன்மேல் மெழுகு போன்ற ஒரு வழுவழுப்புப் படிவதுண்டு. அதனைச் சுத்தமான நீரால் கழுவித் துடைத்து, உப்புத்தாள் தேய்த்த பின்னரே அடுத்த பூச்சுக்குச் செல்ல வேண்டும். கழுவாமல் மேலே எனாமல் அடித்தவர்கள், வாரக்கணக்கில் உலராமல் ஒட்டும் வர்ணத்தைக் கண்டு கடைக்காரரை நொந்துகொள்வர்.

தேக்கு மரத்தில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருப்பதால் வர்ணம் எளிதில் பிடிப்பதில்லை. உப்புத்தாள் தேய்த்து, தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, அது ஆவியானவுடன் காலந்தாழ்த்தாமல் முதற்பூச்சிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உள்ளெண்ணெய் மீண்டும் மேலே வந்துவிடும்.

பழைய படகுகளில் முன்னரே பூசப்பட்டிருப்பது யாது என்பதை விசாரிக்காமல் எதுவும் வாங்கலாகாது. மீனெண்ணெய் ஊட்டி வளர்த்த படகுகள் நம் கரைகளில் உண்டு. ஆண்டுக்கணக்காய் எண்ணெய் ஊறிய பலகையில் எபாக்சி நிற்காது. அவ்வித மரத்தை வெந்நீரில் கரைத்த சலவைச் சோடாவால் தேய்த்துக் கழுவிப் பார்க்கலாம். அப்பொழுதும் எண்ணெய் ஊறிவருமாயின், பெருஞ்செலவு செய்து புதுமுறைக்கு மாறுவதினும், பழையபடி எண்ணெயே இட்டு வருதல் விவேகம். அம்முறையைக் கைக்கொண்ட முன்னோர் அறிவிலிகள் அல்லர். பழைய எனாமலின்மேல் இருபாகக் கலவையைப் பூசுவதும் தகாது. அக்கலவையிலுள்ள வீரியமான தின்னர் அடிப்பூச்சைச் சுருட்டி எழுப்பிவிடும். நன்கு இறுகிய இருபாகப் பூச்சைத் தேய்த்துவிட்டு அதன்மேல் எனாமல் அடிப்பதில் தோஷமில்லை.

செந்நிறமான பழைய அடிப்பூச்சு காணப்படின் அதிக ஜாக்கிரதை தேவை. ஈயச் செந்தூரத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசுவது நெடுங்காலம் கப்பல் தொழிலில் வழக்கமாயிருந்தது. பூச்சு என்ற வகையில் அது சிறந்ததே. ஆனால் ஈயம் விஷம். அதிலும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இந்திய அரசாங்கம் 2016-இல் வெளியிட்டு 2017 நவம்பரில் அமுலுக்கு வந்த விதிகள், வீட்டு உபயோக வர்ணங்களிலும் அலங்கார வர்ணங்களிலும் ஈயம் பத்து லட்சத்தில் 90 பாகத்துக்கு மேற்படலாகாது என வரையறுக்கின்றன. பிறவகை வர்ணம் வாங்குவோர், ஈயம் சேராதது என்ற குறிப்பு டப்பாவில் உண்டா எனப் பார்த்து வாங்க வேண்டும். பழைய செந்தூரப் பூச்சை உலர்ந்த நிலையில் சுரண்டுவதோ, நெருப்பால் கருக்குவதோ கூடாது. நீர் தெளித்து, முகமூடி அணிந்து சுரண்டி, தூளைத் திரட்டி மூடிய டப்பாவில் அகற்ற வேண்டும். அவ்வுடையோடு வீட்டுக்குள் செல்வதும் ஆகாது.

மேல்வர்ணத்தில் இடத்துக்கேற்ற பேதம் உண்டு. படகின் அடிப்பள்ளத்தில் எந்நேரமும் சிறிது நீர் நிற்குமாதலால் சாதாரண எனாமல் அங்கே மிருதுவாகிக் கொப்புளிக்கும். ஒட்டுப்பலகைப் படகாயின் அவ்விடத்துக்கு எபாக்சியே தகும். வெயில் படும் பரப்பில் எபாக்சி மாவுபோல் வெளுத்து உதிருமாகையால், அங்கே அதனை மேல்வர்ணத்தால் மூட வேண்டும். அணியத்தின் அடியிலுள்ள அறைக்கும் பக்கப் பலகைகளுக்கும் எனாமல் போதும். மிகுந்த பளபளப்புள்ளது துடைப்பதற்கு எளிது. பாதிப் பளபளப்புள்ளது பலகையின் மேடுபள்ளங்களை மறைக்கும். இவ்விரண்டில் எதனைக் கொள்வது என்பது உடையவர் விருப்பம். நிறத்தில் மட்டும் விருப்பத்துக்கு இடங்கொடாமல், வெண்மை அல்லது இளஞ்சாம்பல் நிறத்தையே கொள்ளல் நன்று. வெள்ளைப் பரப்பில் கசிவின் கறையும், மயிரிழை போன்ற வெடிப்பும், ஆணியின் துருவும் அன்றே கண்ணில்படும். கறுப்பு வர்ணம் அழுக்கை மறைப்பதோடு நோயையும் மறைக்கும். மீனையோ பனிக்கட்டியையோ நேரே கொட்டும் அறைக்கு, உணவுப் பொருள் படலாம் என்று செய்தவர் உறுதி கூறும் பூச்சையன்றி வேறெதுவும் ஆகாது.

சோழமண்டலக் கரையில் இவ்வேலைக்கு மாசியும் பங்குனியும் தகுந்த மாதங்கள். முதலில் உட்புறம் முழுவதையும் நல்ல நீரால் கழுவ வேண்டும். மழைநீரைப் பகையென்று கூறிவிட்டு நன்னீரால் கழுவச் சொல்வதேன் என்ற சந்தேகம் எழலாம். உப்பு காளானைத் தடுப்பினும், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. அது பூச்சின் அடியில் அகப்பட்டால் கொப்புளம் நிச்சயம். கழுவிய நீர் தேங்காமல் உடனே துடைத்து உலர்த்திவிடின் தீங்கில்லை. இற்றுப்போன மரத்தைப் பட்டி வைத்து மறைக்காமல் வெட்டி எடுத்து, புது மரம் வைக்க வேண்டும். முதற்பூச்சு உலர்ந்த பின்னரே சிறு குழிகளுக்குப் பட்டி பார்க்க வேண்டும். பனி உலர்ந்த பின் தொடங்கிப் பிற்பகல் மூன்று மணிக்குள் நிறுத்திவிடல் நலம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 85-க்கு மேற்பட்ட நாளில் தொடங்கவே வேண்டாம். வங்குகளின் அடியில் நீர் ஓடுவதற்கென விட்ட சிறு துளைகள் வர்ணத்தால் அடைபடாதவாறு, அவற்றினூடே ஒரு கயிற்றைக் கோத்துவிட்டு, வர்ணம் உலருமுன் அசைத்து உருவிவிட வேண்டும். இத்துளை ஒன்று அடைபட்டால் போதும், அவ்வளவு வேலையும் வியர்த்தமாய்ப் போகும்.

மூடிய இடத்தில் தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமாதலால் அடியிலேயே தங்கும். அது மயக்கம் தரும். தீப்பொறி பட்டால் பற்றியெரியும். உள்ளே ஒருவர் பூசும்போது வெளியே மற்றொருவர் அழைத்தால் பதில் வருகிறதா எனப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பீடி, விளக்கு, அடுப்பு எதுவும் அருகில் ஆகாது.

வாங்கும் அளவைக் கணக்கிடுவது சுலபம். உட்பரப்பு 20 சதுர மீட்டர் உள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். டப்பாவில் லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்றிருப்பினும், பழைய கரடுமுரடான மரத்துக்கு 8 என்று கொள்வதே மெய்க்கணக்கு. ஒரு தடவைக்கு இரண்டரை லிட்டர். முதற்பூச்சு இருமுறைக்கு 5, மேல்வர்ணம் இருமுறைக்கு 5 லிட்டர். இத்தகைய ஆறு படகுகளுக்குச் சங்கம் சேர்த்து வாங்கினால் ஒவ்வொன்றும் 30 லிட்டராகும். சில்லறை டப்பாக்களின் விலையையும் பெரிய டப்பாவின் விலையையும் ஒப்பிட்டு எழுதி வாங்கி, மிச்சத்தை அங்கத்தினர்க்குப் பிரித்துத் தரலாம். செய்த தேதி பார்த்துப் பழையதை முதலில் செலவிட வேண்டும். இருபாகக் கலவையின் இரு டப்பாக்களும் ஒரே கம்பெனியினுடையனவாய், ஒன்றுக்கொன்று உரியனவாய் இருத்தல் வேண்டும். அவற்றைக் கண்ணளவில் கலக்கலாகாது. கலந்தது வெயில் நாளில் விரைவில் இறுகுமாதலால், சொல்லிய நேரத்துக்குள் பூசி முடிக்கக்கூடிய அளவே கலக்க வேண்டும்.

எந்தப் படகுக்கு எந்தப் பூச்சு, எந்தத் தேதியில், எத்தனை தடவை என்பதைச் சங்கத்தின் பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைத்தால், மறுமுறை வர்ணம் வாங்கும்போது அடியில் இருப்பது யாது என்று தேட வேண்டியிராது. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள், அணியத்தின் மூடியைத் திறந்து விளக்கு வெளிச்சத்தில் மூலைகளைப் பார்வையிட்டு, கண்ட கசிவுகளையும் அவ்வரியின் கீழேயே குறித்துக்கொள்ளலாம்.