வில்லோ வளர்க்கப் புகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

டொராண்டோவின் ஸ்கார்பரோப் பகுதியில் தோட்ட வேலையையே ஜீவனோபாயமாக ஏற்றுக்கொண்டுள்ள நீ, பனிக்காலத்துக்கு அஞ்சாததும் அந்த மண்ணுக்கே உரியதுமான மரமொன்றைக் கொல்லைப்புறத்தில் வைக்க விரும்புவதாக எழுதியதைப் படித்து மிக்க மகிழ்ச்சி கொண்டேன். அங்கே புஸ்ஸி வில்லோ என்று எல்லோரும் சொல்லும் சாலிக்ஸ் டிஸ்கலரையே நடு என்பது என் அபிப்பிராயம். அது குளிரைத் தாங்குமோ என்ற கவலை உனக்கு வேண்டாம். ஆயினும் அந்தச் சகிப்புச் சக்தி மரத்துக்கு எப்போது, எவ்விதம் வந்து சேருகிறது என்பதை அறியாமல் அதை வளர்க்க முற்படுவது தகாது.

1960ஆம் ஆண்டில், ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகிரா சகாய் என்னும் விஞ்ஞானி, பனிக்காலத்துச் சிறு கிளைகளை முதலில் படிப்படியாகக் குளிர்வித்து, பிறகு பூஜ்யத்துக்குக் கீழே 196 பாகையிலுள்ள திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி எடுத்தபோதும், வில்லோ போன்ற மரங்களின் கிளைகள் உயிரோடிருந்தமையை உலகுக்கு அறிவித்தார். அத்தகைய கிளையே, கோடையில் தளிர்விட்டு நிற்கும் பருவத்தில், சாதாரண உறைபனிக்குக் கருகிவிடும். பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் மரம் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது; பின்னர்க் குளிர் முற்ற முற்ற, உயிரணுக்களிலுள்ள நீர் மெல்ல வெளியேறி அணுக்களின் இடைவெளிகளில் உறைய, உள்ளே எஞ்சிய சாறு சர்க்கரை செறிந்து உறையாமல் நிற்கிறது. ஆகவே மரம் ஜனவரியைக் கடப்பதற்கு வேண்டிய ஆயத்தம் இலையுதிர் காலத்திலேயே நடந்தேறிவிடுகிறது. ஆகஸ்டு மாதத்தில் தழைச்சத்து உரத்தை வாரியிட்டு இளந்தளிர்களைத் தூண்டும் தோட்டக்காரன், தன் கையாலேயே அந்த ஆயத்தத்தைக் குலைக்கிறான்.

இதனால்தான் நாற்றின் பூர்வீகத்தை விசாரிக்கச் சொல்கிறேன். தெற்கே வெகுதூரத்தில் பிறந்த வில்லோ, தன் ஊரின் பகற்கணக்கை மறவாமல், ஒன்டாரியோவில் உறைபனி விழுந்த பின்னும் வளர்ந்துகொண்டிருக்கக்கூடும். உள்ளூர் வித்திலோ கிளையிலோ உண்டான செடிதானா என்று நர்சரியில் கேள். ஐரோப்பாவைச் சேர்ந்த சாலிக்ஸ் காப்ரியாவும் அங்கே புஸ்ஸி வில்லோ என்ற அதே பெயரில் விற்பனைக்கு வருவதுண்டு. கோடையில் முற்றிய இலையொன்றைத் திருப்பிப் பார்த்தால், காப்ரியாவின் அடிப்புறம் கம்பளிபோல் அடர்ந்த ரோமத்தோடு இருக்கும், நம் மரத்தினுடையதோ வெளிறிப் பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். உள்ளூர்க் கிளை வேண்டுமென்று ரூஜ் தேசிய நகர்ப்பூங்காவில் எந்தச் செடியிலும் கத்தி வைக்காதே, அது சட்டவிரோதம்.

ஆண், பெண் தனித்தனி மரங்கள். இலை வருமுன், மார்ச்சு ஏப்ரல் மாதங்களில், வெள்ளிநிறப் பட்டுமயிர் போர்த்த மொட்டுகள் விரிந்து, மஞ்சள் மகரந்தம் தெறிக்க நிற்பது ஆண்மரமே. பனிக்காலம் முழுதும் மண்ணுக்குள் உறங்கிப் பசியோடு எழும் பம்பிள்பீ ராணிகளுக்கு, வேறு பூ அதிகம் கிடைக்காத அந்நாட்களில், இந்த மரம் அன்னசத்திரம். பின்னர் மோர்னிங் குளோக் என்னும் பட்டாம்பூச்சியின் கரிய முட்புழுக்கள் கூட்டமாக இலைகளைத் தின்றால், வீட்டுக்காரர் எவ்வளவு பதறினாலும், மருந்து தெளிக்காமல் அவரைச் சமாதானப்படுத்துவது உன் கடமை.

நர்சரிச் செடி வேண்டாமென்றால், பூப்பதற்குமுன், நண்பர் வீட்டு மரத்திலிருந்து பென்சில் கனத்தில், ஒரு அடி நீளத்தில் குச்சி வெட்டி, அடி நுனி மாறாமல், மூன்றில் இரண்டு பங்கு ஈரமண்ணில் புதையும்படி ஊன்று. பட்டைக்கடியில் வேர்முளைகள் முன்னமே உறங்குவதால், வேரூக்கி மருந்துக்கு அவசியமில்லை. முதல் இரண்டு கோடைகளில் மண் காயக்கூடாது.

கத்தரிப்பதைப் பூ உதிர்ந்தவுடனே முடித்துவிடு. அடுத்த வசந்தத்தின் மொட்டுகள் அந்தக் கோடையில் வளரும் கிளைகளில்தான் அமைகின்றன, இலையுதிர் காலத்தில் வெட்டினால் அத்தனையும் போய்விடும். வேர் நீரைத் தேடி வெகுதூரம் ஓடுமாதலால், வீட்டுக்காரரிடம் கழிவுநீர்க் குழாய் செல்லும் வழியைக் கேட்டறிந்து, அதற்கு எட்டாத தாழ்ந்த ஈரநிலத்தில் குழி தோண்டு; வேலிக்கு அப்பால் அயலவர் குழாய் செல்லும் வழியையும் கேட்டுக்கொள்.

இங்ஙனம்,
உன் அன்புள்ள அண்ணன்