ஈறு நோய்: வலி வரும்வரை காத்திருக்கலாமா?

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள் நம் பெரியவர்கள். ஆனாலும் அறுபதைத் தாண்டினால் பல் விழுவது இயற்கைதானே என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. வயது மட்டுமே பல்லை விழச் செய்வதில்லை. பெரியவர்கள் பல்லை இழக்க முக்கியக் காரணங்கள் இரண்டு: ஒன்று சொத்தை, மற்றொன்று ஈறு நோய். சொத்தை ஒரு கட்டத்தில் வலித்துத் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஈறு நோயோ பெரும்பாலும் வலிக்காமலே வேலையை முடித்துவிடும். ஆகவே அதை அளந்துதான் அறிய வேண்டும். நான் மருத்துவன் அல்லன். ரயில் பாதையை அளந்து பார்த்தே பழகியவன். படித்தும் கேட்டும் அறிந்ததை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நோய் எப்படி உண்டாகிறது?

ரயில் பாதையில் நம் கண்ணில் படுவது தண்டவாளம். அதைத் தாங்குவது ஸ்லீப்பரும் அதற்கடியில் உள்ள ஜல்லியும். ஜல்லி அரித்துப் போனால் தண்டவாளம் உறுதியாக இருந்தும் பயனில்லை. பல்லும் அப்படியே. வேரைச் சுற்றித் தாடை எலும்பு இருக்கிறது. வேரையும் எலும்பையும் மெல்லிய நார்கள் பிணைக்கின்றன. இவற்றை மேலிருந்து மூடிக் காப்பது ஈறு.

பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே கிருமிகள் பல்லின்மேல் படலமாக ஒட்டத் தொடங்குகின்றன. இதைப் பிளாக் என்பார்கள். அகற்றாமல் விட்டால் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து படிந்து அது காரையாக இறுகிவிடும். காரையைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது.

முதல் நிலையில் ஈறு சிவந்து வீங்கும். துலக்கும்போது ரத்தம் கசியும். இது ஜிஞ்ஜிவைட்டிஸ். இதை முற்றிலும் சரிசெய்துவிடலாம். டென்மார்க்கில் ஹரால்டு லோ என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் 1965இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமான ஈறு உடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது.

இரண்டாம் நிலை பெரியோடான்டைட்டிஸ். எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தவர்களுக்கு ஈறு பல்லைவிட்டு விலகிப் பை போல ஆகிறது; உள்ளே எலும்பு கரைகிறது. கரைந்த எலும்பு தானாக வளராது. சிகிச்சையால் மேலும் கரையாமல் நிறுத்தலாம். எனவே முதல் நிலையிலேயே விழித்துக்கொள்வது நல்லது.

அளப்பது எப்படி?

பல் மருத்துவரிடம் புரோப் என்ற மெல்லிய அளவுகோல் இருக்கிறது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே அதை மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் ஆழம் பார்ப்பார்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருந்து, ரத்தமும் வராவிட்டால் கவலையில்லை. 4 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புரோப்பில் 3.5 முதல் 5.5 மில்லிமீட்டர் வரை கறுப்புப் பட்டை உண்டு. அந்தப் பட்டை முழுவதும் ஈறுக்குள் மறைந்துவிட்டால் பை ஆழமானது என்று பொருள். எலும்பின் நிலையை எக்ஸ்ரே காட்டும்.

இடமாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் மாறினால் மருத்துவரும் மாறிவிடுவார். இந்த அளவுகளின் குறிப்பையும் எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சென்ற ஆண்டு 3, இந்த ஆண்டு 5 என்பது பழைய குறிப்பு இருந்தால்தானே தெரியும்!

தவறான எண்ணங்கள்

"ரத்தம் வருகிறது, அதனால் அந்த இடத்தில் துலக்குவதில்லை" என்பார்கள் சிலர். படலம் அங்கே இருப்பதால்தான் ரத்தம் வருகிறது. அந்த இடத்தைத்தான் மென்மையாகத் துலக்க வேண்டும்.

"ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும்" என்பது மற்றொன்று. எலும்பு முன்பே கரைந்து, காரைதான் பல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். காரையை எடுத்ததும் மறைந்திருந்த ஆட்டம் தெரிகிறது. பழி ஸ்கேலிங்குக்குப் போகிறது!

புகையிலைப் பொடியால் பல் தேய்ப்பது ஈறுக்கு நல்லது என்பதும் தவறு. மகாராஷ்டிரத்தில் மிஷ்ரி, பீகாரில் குல், ஒடிசாவில் குடாக்கு என்று நாம் வாழும் இடங்களில் இப்பழக்கம் உண்டு. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992இலேயே தடை செய்தது. புகைபிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாகவே வரும். அதனால் நோய் மறைந்தே வளரும்.

தடுப்பது எப்படி?

1. காலையும் இரவும் இரண்டு நிமிடம், மென்மையான பிரஷ்ஷால் துலக்குங்கள். பிரஷ்ஷை ஈறின் ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து, சிறு அசைவுகளாகத் தேய்க்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் ஈறு தேய்ந்து இறங்கும்.

2. பல் இடுக்கில் பிரஷ்ஷும் எட்டாது, வேப்பங்குச்சியும் எட்டாது. இடுக்குக்கென உள்ள சிறு பிரஷ் அல்லது பல் நூலை நாளுக்கு ஒரு முறை பயன்படுத்துங்கள். ஊக்கால் குத்த வேண்டாம்.

3. சர்க்கரை நோய் உள்ளவர்கள் தனிக் கவனம் கொள்ள வேண்டும். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஈறு சிகிச்சைக்குப் பின் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

4. கர்ப்பிணிகளுக்கு ஈறு எளிதில் வீங்கும். பிரசவம் ஆகட்டும் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டலாம்.

5. புகையிலையை எந்த வடிவிலும் விட்டுவிடுங்கள்.

6. வலி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஈறு நோய் இருந்தவர்களுக்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியே சரி.

அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது இரண்டே கேள்விகள் கேளுங்கள்: "என் ஈறில் ஆழம் எத்தனை மில்லிமீட்டர்? எத்தனை இடங்களில் ரத்தம் வருகிறது?" வீட்டில் உள்ள பெரியவர்களுக்காகவும் மறவாமல் கேளுங்கள்.