மோட்டார் சைக்கிளின் குளிரூட்டித் திரவத்தை எப்போது மாற்ற வேண்டும்?

(வெப்பம், உலோக அரிப்பு ஆகிய பாடங்களுக்கான துணைக் கட்டுரை)



தன்வெப்பக் கொள்ளளவு பற்றியும் உலோகங்களின் அரிப்புப் பற்றியும் வெவ்வேறு அலகுகளிற் படித்திருப்பீர்கள். இரண்டையும் ஒன்றாகக் காணக்கூடிய இடம் மோட்டார் சைக்கிள் எஞ்சின். நான் கலைப் பட்டதாரி. இந்தப் பாடத்தை எனக்குப் படிப்பித்தது நான் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள்தான். அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நம் நாட்டில் ஓடும் மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவை காற்றினாற் குளிர்பவை. எஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காக உள்ள செட்டைகள் மேற்பரப்பைக் கூட்டி வெப்பத்தை வெளியேற்றுகின்றன. அவற்றில் மாற்றுவதற்குக் குளிரூட்டித் திரவமே இல்லை. யமஹா ஆர்15, பஜாஜ் பல்சர் என்எஸ்200 போன்றவற்றில் முன் சில்லுக்குப் பின்னால் றேடியேற்றர் இருக்கும். அவற்றுக்கே இக்கட்டுரை.

பம்பி திரவத்தை எஞ்சினைச் சுற்றி ஓடச் செய்கிறது. சூடேறிய திரவம் றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களுக்குட் சென்று குளிர்ந்து திரும்புகிறது. றேடியேற்றரைத் தமிழிற் கதிர்வீசி என்பர். பெயரைப் பார்த்து, "வெப்பம் கதிர்வீசலால் இழக்கப்படுகிறது" என்று எழுதிவிடாதீர்கள். குழாய்ச் சுவரினூடாகக் கடத்தலும், அங்கிருந்து காற்றுக்கு மேற்காவுகையுமே முக்கியமானவை.

இப்போது ஒரு கணக்கு. 1 கிலோகிராம் நீர் 40 பாகை செல்சியசால் சூடேறும்போது 4200 × 40 = 168,000 யூல் வெப்பத்தைப் பெறும். எதிலீன் கிளைக்கோலும் நீரும் சரிபாதியாகக் கலந்த குளிரூட்டித் திரவத்தின் தன்வெப்பக் கொள்ளளவு ஏறத்தாழ 3400. ஆகவே அது பெறுவது 136,000 யூல் மட்டுமே. நீரே கூடுதலான வெப்பத்தைக் காவுகிறது! அப்படியானால் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் என்ன?

நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் வாங்கிய மோட்டார் சைக்கிள் 6 வருடப் பழையது, ஆனால் அதிகம் ஓடாதது. "ஓடாத வண்டியில் திரவம் எப்படிப் பழுதாகும்?" என்று விட்டுவிட்டேன். மட்டம் குறைந்தபோதெல்லாம் கிணற்றுத் தண்ணீரை விட்டேன். சில மாதங்களில் மெதுவாகப் போனாலே எஞ்சின் கொதிக்கத் தொடங்கியது. கராஜில் கழற்றியபோது சேற்று நிறத்தில் திரவம் வந்தது. குழாய்களுக்குள் வெள்ளைப் படிவு. றேடியேற்றரையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்த மாத ரியூசன் காசு அதோடு போயிற்று.

நான் விட்ட பிழைகள் இரண்டு. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறைக்குள் ஊறிவருவது, வன்னீர். அதிலுள்ள கல்சியம் இருகாபனேற்று சூடேறும்போது பிரிகையடைந்து கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. கேத்திலின் அடியிற் காணும் அதே படிவுதான். அது வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. எனவே கலப்பதற்குக் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்த வேண்டும். ஏற்கெனவே கலந்து விற்கப்படும் திரவத்துக்கு அந்த நீரும் தேவையில்லை.

மற்றைய பிழையே இங்கு முக்கியமானது. கிளைக்கோல் கொதிநிலையை உயர்த்துகிறது, உறைநிலையைத் தாழ்த்துகிறது. (பின்னையது நுவரெலியாவிற்கூட நமக்குப் பெரிதாகத் தேவைப்படாது.) ஆனால் எஞ்சினின் அலுமினியத்தைக் காப்பவை, திரவத்திற் சிறிதளவே சேர்க்கப்பட்டுள்ள அரிப்புத் தடுப்பிகள். அவை காலப்போக்கிற் செலவாகிவிடும். கிளைக்கோலும் மெல்ல ஒட்சியேறி அமிலங்களைத் தரும். நிறம் மாறாவிட்டாலும், வண்டி கொட்டிலில் நின்றாலும், திரவம் மூப்படைகிறது. அதனால்தான் பல உரிமையாளர் கைந்நூல்கள் 2 அல்லது 3 வருடங்களுக்கு ஒருமுறை என்று காலத்தைக் கணக்காகத் தருகின்றன. கிலோமீற்றரும் தரப்பட்டிருந்தால் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். நீண்ட ஆயுளுள்ள வகைகள் 5 வருடம் வரை தாங்கும். ஆனாலும் கைந்நூல் சொல்வதையே பின்பற்றுங்கள். பழைய வண்டி வாங்கி, கடைசியாக மாற்றிய திகதி தெரியாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

எஞ்சின் சூடாயிருக்கையில் றேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அமுக்கம் அதிகம் என்பதால் திரவம் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். திறந்ததும் அமுக்கம் திடீரெனக் குறைய, அது கொதித்து முகத்தில் பாயும். முழுதாக ஆறிய பின்னரே பழையதை வடித்து, கழுவி, புதியதை நிரப்பி, காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். வடித்ததை முற்றத்தில் ஊற்றாதீர்கள். கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு; நாயும் நக்கும், சிறுபிள்ளையும் வாயில் வைக்கும்.

பயிற்சி

1. 800 கிராம் நீரும் அதே திணிவுள்ள குளிரூட்டித் திரவமும் 30 பாகை செல்சியசால் சூடேறும்போது பெறும் வெப்பங்களைக் கணிக்குக.
2. நீர் கூடுதலான வெப்பத்தைக் காவியும் தனி நீர் பயன்படுத்தப்படாமைக்கு இரண்டு காரணங்கள் தருக.
3. 4 வருடங்களில் 3000 கிலோமீற்றர் மட்டுமே ஓடிய வண்டியின் திரவத்தை மாற்றத் தேவையில்லை என்கிறார் உங்கள் மாமா. அவருக்கு நீங்கள் கூறும் விடை யாது?