டக் டக் சத்தம் சொல்வது என்ன?

கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. பல குடும்பங்கள் வேறு பிழைப்பைத் தேடின. பலர் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் வாடகைக் கார் ஓட்டுகிறார்கள். அவர்கள் வீட்டில் கார் ஓடினால்தான் அடுப்பு எரியும்.

ஒரு நாள் விடியற்காலை. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. ஓட்டுநர் அவசரமாகச் சாவியைத் திருகினார். கார் கிளம்பவில்லை. “டக் டக் டக்” என்று சத்தம் மட்டும் வந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுந்து வந்தார். அவர் சுரங்கத்தில் வேலை செய்தவர். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை இழுக்குமே, அந்த இயந்திரத்தில் வேலை.

“என்ன தம்பி, கிளம்பலையா?”

“விளக்கு எரியுது பெரியப்பா. ஹாரனும் அடிக்குது. அதனால பேட்டரி நல்லாத்தான் இருக்கு. செல்ஃப் மோட்டார்தான் போயிடுச்சு. இனி ஆயிரக்கணக்கில் செலவு.”

“அவசரப்படாதே. விளக்கு எரியக் கொஞ்சம் கரண்ட் போதும். கூண்டை இழுக்க அது போதுமா? உன் காரும் அப்படித்தான். உள்விளக்கைப் போட்டுட்டுச் சாவியைத் திருகு.”

ஓட்டுநர் திருகினார். உள்விளக்கு மங்கிப் போனது.

“பார்த்தியா? கரண்ட் பத்தலை. சாவியை எடு. பானெட்டைத் திற.”

பேட்டரியின் ஒரு முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி படிந்திருந்தது. அங்கே கம்பி தளர்ந்து ஆடியது. கம்பியைக் கழற்றிச் சுரண்டித் துடைத்தார்கள். திரும்ப மாட்டி ஸ்பானரால் முடுக்கினார்கள். கார் கிளம்பியது. செலவு ஒரு பைசாகூட இல்லை.

சத்தம் ஏன் வருகிறது?

கார் பேட்டரி 12 வோல்ட். அதற்குள் 6 அறைகள் உண்டு. உள்விளக்குக்கு 1 ஆம்பியர் மின்சாரம்கூட வேண்டாம். முன்விளக்கு இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 10 ஆம்பியர் வேண்டும். செல்ஃப் மோட்டார் என்ஜினைச் சுற்ற 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும்.

மோட்டாரோடு ஒரு சுவிட்ச் இருக்கிறது. சாவியைத் திருகினால் அது மூடும். அதுதான் “டக்” சத்தம். மின்சாரம் போதவில்லை என்றால் சுவிட்ச் உடனே விட்டுவிடும். மறுபடி மூடும். மறுபடி விடும். அதனால் “டக் டக் டக்” என்று கேட்கிறது.

கேளுங்கள், பாருங்கள்

1. “டக் டக் டக்” என்று விடாமல் கேட்கிறதா? பேட்டரியில் மின்சாரம் குறைவு. அல்லது கம்பி தளர்ந்திருக்கிறது. முதலில் கம்பியைப் பாருங்கள்.

2. ஒரே ஒரு “டக்” கேட்கிறதா? விளக்கும் மங்கவில்லையா? செல்ஃப் மோட்டாரிலோ அதன் சுவிட்சிலோ கோளாறு இருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

3. கம்பி சரியாக இருந்தும் பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? என்ஜின் ஓடும்போது பேட்டரியின் வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. அப்போது புதிய பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் இறங்கிவிடும். பணம் வீண்.

எச்சரிக்கை

பேட்டரி அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. அதிலிருந்து எரியும் வாயு வரும். வெடிக்கலாம்.

மோதிரம், காப்பு, கடிகாரம் இவற்றைக் கழற்றிவிடுங்கள்.

கம்பியைக் கழற்றும்போது கழித்தல் குறி (–) உள்ள முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

பேட்டரிக்குள் அமிலம் இருக்கிறது. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிறகு மருத்துவரிடம் போங்கள்.

படித்தவர் ஏமாற மாட்டார்

பேட்டரி வாங்கும்போது ஓர் அட்டை தருவார்கள். வாங்கிய தேதி அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடையின் முத்திரை இருக்கிறதா? எத்தனை மாதம் உத்தரவாதம்? எழுத்துக் கூட்டிப் படியுங்கள். அந்த மாதங்களுக்குள் பேட்டரி கெட்டால் அட்டையோடு கடைக்குப் போங்கள். “புதுசு வாங்கு” என்று யாராவது சொன்னால் முதலில் அட்டையைப் பாருங்கள்.

தெரிந்துகொள்வோம்

தங்கவயல் சுரங்கத்துக்கு 1902-இல் மின்சாரம் வந்தது. அது சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம்.

காருக்கு மின்சார செல்ஃப் மோட்டாரை அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1911-இல் செய்து காட்டினார். அதற்கு முன் இரும்புக் கைப்பிடியைக் கையால் சுற்றித்தான் காரைக் கிளப்பினார்கள். கைப்பிடி திருப்பி அடித்தால் கை ஒடிந்துவிடும்.

பதில் சொல்லுங்கள்

1. விளக்கு எரிந்தும் கார் ஏன் கிளம்பவில்லை?
2. பேட்டரி அருகில் ஏன் பீடி பிடிக்கக் கூடாது?
3. எந்த முனையை முதலில் கழற்ற வேண்டும்?

செய்து பாருங்கள்

உங்கள் தெருவில் ஓடும் ஒரு வண்டியின் பேட்டரி அட்டையை வாங்கிப் படியுங்கள். வாங்கிய தேதியையும் உத்தரவாதம் முடியும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள்.