விட்டு விட்டுப் போகும் கரன்ட்: இளம் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு ஒரு கடிதம்



புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலை ஓரமாகக் கடை போட்டிருக்கிறீர்கள். அடியோடு செத்துப்போய் வரும் வண்டி உங்களுக்குப் பெரிய வேலை வைக்காது. தேடினால் ஃபியூஸோ அறுந்த ஒயரோ கிடைத்துவிடும். விட்டு விட்டுக் கரன்ட் போகும் கார்தான் ஆளைச் சோதிக்கும். காலையில் செல்ஃப் எடுத்திருக்காது. கடைக்கு இழுத்து வந்ததும் ஒரே சாவியில் எடுத்துவிடும். ஓடும்போது டேஷ்போர்டு ஒரு கணம் இருண்டு திரும்ப எரியும். இப்படி வரும் வண்டிக்கு முதலில் பேட்டரி, பிறகு டைனமோ, அதற்கும் அடங்காவிட்டால் இக்னிஷன் சுவிட்ச் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவது தொழிலில் பழகிப்போய்விட்டது. அதை நீங்கள் பழகிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். ஒரு பாகத்தை மாற்றியதும் கோளாறு மறைந்துவிட்டால், அந்தப் பாகம் கெட்டிருந்தது என்று ஆகிவிடாது.

பேட்டரி மாற்றும்போது கை என்னென்ன செய்கிறது என்று கவனியுங்கள். கிளாம்பைத் தளர்த்துகிறோம், பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையும் பச்சையையும் சுரண்டுகிறோம், புதுப் பேட்டரியின் பளபளப்பான ஈயக் கம்பத்தில் மாட்டி இறுக்கி முறுக்குகிறோம். வண்டி எடுத்துவிடுகிறது. எடுக்க வைத்தது புதுப் பேட்டரியா, சுரண்டி முறுக்கியதா? இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் சொல்ல வழியில்லை. டைனமோவைக் கழற்றினாலும் இதே கதைதான்: அதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றியாக வேண்டும், எஞ்சின் எர்த் ஒயரும் அசைந்து கொடுக்கும். விட்டு விட்டு வரும் கோளாறுகளில் பெரும்பகுதி பாகத்துக்குள் இருப்பதில்லை, இணைப்பில் இருக்கிறது. லக்கில், கிளாம்பில், பாடி எர்த்தின் துருவில், ரிலே காலில், எலி பாதி கடித்து விட்ட ஒயரில். அந்த இணைப்பைத் தொட்டாலே சில நாளைக்குச் சரியாகிவிடும். பிறகு எங்காவது நடு ரோட்டில் திரும்பி வரும்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.6 வோல்ட் காட்டியது என்பீர்கள். மீட்டர் இழுக்கும் கரன்ட் ஒன்றுமே இல்லாத அளவுக்குக் குறைவு. இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சிய ஒயரிலும் அது முழு வோல்ட்டையே காட்டும். பீப் சத்தமும் கொடுக்கும். அதே ஒயரில் 60 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டி 5 ஆம்ப் இழுத்துப் பாருங்கள், குட்டு வெளிப்படும். செல்ஃப் பாதையில் இது இன்னும் தெளிவு. 150 ஆம்ப் ஓட வேண்டிய இடத்தில் 0.02 ஓம் தடை நின்றால் 3 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். அந்த 0.02 ஓமைச் சாதாரண மீட்டரின் ஓம்ஸ் அளவில் பிடிக்க முடியாது, மீட்டர் ஒயரின் தடையே அதைவிடப் பெரிது. ஆகவே லோடு ஓடும்போது வோல்ட்டை அளப்பதுதான் வழி. ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்தில், மறு முனையை அதே கம்பத்தைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் குற்றவாளி உங்கள் கைக்கடியிலேயே இருக்கிறது. அடுத்து மைனஸ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இதையே செய்யுங்கள், 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துக் கைகளுக்கு இதில் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. லாரியிலும் போர்வெல் ரிக்கிலும் தொழில் படித்தவர்கள் 24 வோல்ட்டுக்குப் பழகியவர்கள். அதே வாட்டுக்கு 24 வோல்ட்டில் பாதி ஆம்ப் போதும். அதனால் ஒரே அளவு கெட்ட இணைப்பில் வீணாகும் வோல்ட்டும் பாதி. மொத்த வோல்ட்டில் பங்காகப் பார்த்தால் கால்தான். லாரி பொறுத்துக்கொள்ளும் எர்த்தைக் கார் பொறுக்காது.

பேட்டரியே கெட்டிருக்கக் கூடாதா? கெட்டிருக்கலாம். உள்ளே தகட்டு இணைப்பு விரிசல் விட்டு, சூட்டில் பிரிந்து ஆறியதும் சேரும் பேட்டரிகள் உண்டு. ஆனால் அதையும் அளந்து நிரூபிக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது கம்பத்துக்குக் கம்பம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகியுங்கள், சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள். ரிலேயை மாற்றிப் பார்ப்பதும் தவறில்லை. சரியானதும் அதோடு நிறுத்தாமல், பழைய ரிலேயைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கோளாறும் கூடவே திரும்பினால் தீர்ப்பு உறுதி. திரும்பாவிட்டால், நீங்கள் குணப்படுத்தியது அதன் சாக்கெட்டை.

ஸ்கேனர் சொல்லிவிடுமே என்பது இன்னொரு வாதம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் ஸ்கேனர் இல்லாமல் கடை நடத்த முடியாது, வாங்குங்கள். ஆனால் வோல்ட் விழுந்ததை ஈசியூ பதிவு செய்யுமே தவிர, எந்த லக்கில் விழுந்தது என்று அதற்குத் தெரியாது. ஐந்தாறு மாட்யூல்கள் ஒரே நேரத்தில் புகார் சொன்னால் ஐந்தாறும் கெட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவற்றுக்கெல்லாம் பொதுவான சப்ளையையும் எர்த்தையும் தேடுங்கள்.

தேடுவதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை, பாகத்துக்குத்தான் கொடுக்கிறார்கள் என்பதுதான் கனமான ஆட்சேபம். உண்மைதான். அதற்கு மருந்து, அளந்ததைப் பில்லில் எழுதுவது: எர்த்தில் முன்பு இத்தனை வோல்ட், சுத்தம் செய்தபின் இத்தனை, வேலைக் கூலி இவ்வளவு. எழுதாமல் செய்யும் மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸைப் பாருங்கள். அவர்களுடைய செவ்ரலே கோபால்ட் முதலான கார்களில் இக்னிஷன் சுவிட்சின் ஸ்பிரிங் வலு குறைவு. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ முழங்கால் பட்டாலோ சாவி நழுவி, ஓடும் வண்டியில் எஞ்சின் நின்றது, பவர் ஸ்டியரிங் போனது, ஏர்பேக் விரியவில்லை. 2005 டிசம்பரில் டீலர்களுக்குப் போன அறிவுரை, சாவிக்கொத்தின் கனத்தைக் குறைக்கச் சொல்லுங்கள் என்பது. 2006-இல் ஸ்பிரிங்கை மாற்றினார்கள், பாக எண்ணை மாற்றவில்லை. பழையது எது, புதியது எது என்று ஆராய வந்தவர்களுக்குத் தெரியாமலே போனது. ஒரு வழக்குக்காகப் பொறியாளர் ஒருவர் இரண்டு சுவிட்சுகளையும் பிரித்து அளந்தபோதுதான் வேறுபாடு புலப்பட்டது. 2014-இல்தான் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இதற்காக அவர்கள் அமைத்த இழப்பீட்டு நிதி ஒப்புக்கொண்ட மரணங்கள் 124. ஒரு கணம் போய் வரும் கரன்ட்தானே என்று வண்டிக்காரர் சொன்னாலும் நீங்கள் அப்படி நினைக்காதீர்கள், தம்பி.

எவ்வளவு ஆட்டினாலும் சூடேற்றினாலும் உங்கள் கடையில் கோளாறைக் காட்டாத வண்டியும் வரும். காரணம் பிடிபடவில்லை என்று நேராகச் சொல்லி அனுப்புங்கள். கூடவே ஒரு வேலை கொடுங்கள்: அடுத்த முறை செல்ஃப் எடுக்காதபோது பானட்டைத் திறக்காமல், ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். லைட் மங்காமல் எரிந்து செல்ஃப் சத்தமே இல்லாவிட்டால் சுவிட்ச், ரிலே, சாலினாய்டு பக்கம். லைட்டும் சேர்ந்து படுத்துவிட்டால் பேட்டரி, கிளாம்ப், மெயின் எர்த் பக்கம். அதைப் போனில் கேட்டுக் குறித்து வையுங்கள், வண்டி வரும்போது மீட்டரை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்கும்.